நீலம், மஞ்சள், நிறமற்றது: ரத்த வகை பார்க்கும் ரீயேஜன்ட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் ரத்த வங்கிக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து மூன்று குப்பிகளை எடுத்து வைப்பேன். நீல நிறத்தில் ஆன்டி-ஏ, மஞ்சளில் ஆன்டி-பி, தண்ணீர் போல நிறமில்லாமல் ஆன்டி-டி. அன்றைக்கு முதலில் சோதிப்பது எந்த நோயாளியின் ரத்தத்தையும் அல்ல, இந்த மூன்று குப்பிகளைத்தான்.

இந்தப் பழக்கம் எனக்குத் தானாக வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு நாள் காலை, வகை தெரிந்த ஓ பாசிட்டிவ் சிவப்பணுச் செல்லோடு ஆன்டி-டியைச் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பார்த்தேன். ஒரே கட்டியாகத் திரண்டு 4+ வரவேண்டிய இடத்தில் மணல் தூவியது போல 1+ தான் வந்தது. என் கை வேலையில்தான் ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே 1+. சீனியர் அக்கா டியூபை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு, "நேத்து நெகட்டிவ்னு எழுதின சாம்பிள் எல்லாத்தையும் எடு" என்றார். நான்கு சாம்பிள்கள் இருந்தன. புதுக் குப்பியில் போட்டபோது அதில் ஒன்று பாசிட்டிவ். ஒரு கர்ப்பிணியின் ரத்தம். ரிப்போர்ட் இன்னும் வார்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்த அம்மாவுக்குத் தேவையே இல்லாத ஆன்டி-டி ஊசி போட்டிருப்பார்கள். பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டால் கிடைப்பதற்கு அரிதான நெகட்டிவ் ரத்தத்தைத் தேடி குடும்பமே அலைந்திருக்கும். காரணத்தைத் தேடியபோது தெரிந்தது: யாரோ அந்தக் குப்பியை ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அது உறைந்து, உருகி, மறுபடி உறைந்து வீரியம் போயிருந்தது.

டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரத்தத்தைச் சோதிக்கும் முன் ரீயேஜன்ட்டை, அதாவது அந்தக் குப்பிகளில் உள்ள சோதனைத் திரவத்தை, சோதியுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1900, 1901 வாக்கில் தன் சக ஊழியர்களின் சீரத்தையும் சிவப்பணுக்களையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில ஜோடிகள் திரண்டன, சில திரளவில்லை. ஏபிஓ வகைகள் அப்படித்தான் தெரியவந்தன; 1930-இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. நாம் இன்று செய்வதும் அதே சோதனைதான். சிவப்பணுவின் மேல் ஏ என்ற ஆன்டிஜென் (வகையைக் காட்டும் அடையாளப் பொருள்) இருந்தால், ஆன்டி-ஏ என்ற ஆன்டிபாடி பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பிடித்துக் கோர்த்துவிடும். அந்தக் கோர்வையைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம்.

நீண்ட காலம் இந்த ஆன்டிபாடியை மனிதர்களின் சீரத்திலிருந்தே எடுத்தார்கள். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஹைப்ரிடோமா முறையைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. ஒரே ஆன்டிபாடியை மட்டும் ஓயாமல் சுரக்கும் செல்களை ஆய்வகத்தில் வளர்க்க முடிந்தது. நம் மேசையில் இருக்கும் குப்பிகள் பெரும்பாலும் அந்த மோனோகுளோனல் வகை. அவை வேகமாகவும் பலமாகவும் திரட்டும். ஆனால் எந்தக் குளோன் என்பதைப் பொறுத்து நடத்தை மாறும். அதனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் அந்தத் தாளை மறுபடி படிக்க வேண்டும். இன்குபேஷன் நேரம், சுற்றும் வேகம், சொட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் சொன்னபடிதான். நான் இங்கே கொடுக்கும் அளவுகள் பொதுவாக நடைமுறையில் உள்ளவை. உங்கள் குப்பியின் தாள் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வைக்கும் முறை

2 முதல் 8 டிகிரி செல்சியஸ். கதவுத் தட்டிலும் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். சொட்டு விடும் முனை டியூபின் உள்சுவரிலோ ஸ்லைடில் உள்ள ரத்தத்திலோ படக்கூடாது. ஒரு தடவை பட்டால் போதும், அடுத்த ஐம்பது சாம்பிளுக்கும் அந்த நோயாளியின் செல் போய்ச் சேரும். அரைக் குப்பி மிச்சத்தை இன்னொரு குப்பியில் ஊற்றிச் சேர்ப்பதும் கூடாது, அப்புறம் எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) எது என்று யாராலும் சொல்ல முடியாது. கலங்கலாகவோ பிசிறு மிதந்தோ இருந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். பெரும்பாலான குப்பிகளில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினால் அது ஈய, செம்புக் குழாய்களில் படிந்து வெடிக்கக்கூடிய உப்பாக மாறலாம். ஊற்ற நேர்ந்தால் நிறையத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

புது லாட் வந்தால்

பெட்டியைப் பிரித்த அன்றே பயன்படுத்தத் தொடங்காதீர்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, திரட்டக்கூடாததைத் திரட்டுகிறதா என்பது. ஆன்டி-ஏயை ஏ, பி, ஓ செல்கள் மூன்றோடும் போடுங்கள். ஏ மட்டும்தான் திரள வேண்டும்.

இரண்டு, வேகம். சுத்தமான ஸ்லைடில் ஒரு சொட்டு ரீயேஜன்ட், ஒரு சொட்டு அடர்த்தியான செல் கரைசல். கலக்கத் தொடங்கும்போதே ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். கண்ணுக்கு முதல் துகள் தெரியும் நொடியைக் குறியுங்கள். நல்ல மோனோகுளோனல் ஆன்டி-ஏ, ஏ1 என்ற உள்வகைச் செல்லோடு மூன்று நான்கு நொடியில் துகள் காட்டும்.

மூன்று, டைட்டர்; அதாவது எவ்வளவு நீர்த்த பிறகும் ரீயேஜன்ட் வேலை செய்கிறது என்பது. பத்து டியூபுகளை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் ஒரே அளவு சலைன் விடுங்கள். முதல் டியூபில் அதே அளவு ரீயேஜன்ட் சேர்த்துக் கலக்கி, அதிலிருந்து அதே அளவை எடுத்து அடுத்ததில் விடுங்கள். இப்படியே 1:2, 1:4, 1:8 என்று 1:1024 வரை போகும். ஒவ்வொரு டியூபுக்கும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். இதைச் சோம்பலில் விடுகிறவர்கள் அதிகம். பழைய முனையில் ஒட்டியிருக்கும் ரீயேஜன்ட் கடைசி டியூப் வரை போய், இல்லாத டைட்டரை இருப்பதாகக் காட்டிவிடும். பிறகு ஒவ்வொன்றிலும் செல் கரைசல் சேர்த்து, சுற்றி, 1+ திரள் தெரியும் கடைசி டியூபைப் பாருங்கள். ஆன்டி-ஏவும் ஆன்டி-பியும் 1:256 வரையாவது வேலை செய்ய வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

நான்கு, திரளின் பலம். வேகமும் டைட்டரும் இருந்து, திரள் தொட்டால் உடைகிற மாதிரி இருந்தால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

தினமும் காலையில் இவ்வளவும் வேண்டாம். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் செல் போதும். ஆன்டி-ஏக்கு ஏ செல்லும் பி செல்லும். ஆன்டி-பிக்கு அதுவே தலைகீழாக. ஆன்டி-டிக்கு ஓ பாசிட்டிவும் ஓ நெகட்டிவும். பதினைந்து நிமிட வேலை. எழுதி, கையெழுத்திட்டு, பிறகு நோயாளியின் சாம்பிளைத் தொடுங்கள்.

செல் கரைசல் தயாரித்தல்

ரத்தம் உறையாமல் வைக்கும் இடிடிஏ டியூபிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, 0.9 சதவீத சலைனில் மூன்று முறை கழுவுங்கள். கடைசி முறை மேலே உள்ள சலைனை முழுக்க எடுத்துவிட்டு, அடியில் தங்கிய செல்லில் ஒரு பங்குக்கு 19 பங்கு சலைன் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். பார்க்க நீர்த்த தக்காளிச் சாறு போல இருக்க வேண்டும். கரைசல் கெட்டியாக இருந்தால் ஆன்டிபாடி போதாமல் திரள் பலவீனமாகத் தெரியும். நீர்த்துப் போனால் திரளே கண்ணில் படாது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தமாக இருந்தால் கழுவுவது இன்னும் முக்கியம். கொடியின் வழுவழுப்பு ஒட்டியிருந்தால் செல்கள் சும்மாவே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

டியூபில் பார்ப்பது

ஸ்லைடு முறை முகாம்களுக்குச் சரி. ரத்தம் ஏற்றப்போகும் நோயாளிக்கு அது போதவே போதாது. பலவீனமான திரள் அதில் தெரியாது. ஓரம் காய்ந்தால் திரள் போலவே ஏமாற்றும்.

மூன்று டியூபுகளில் முதலில் ரீயேஜன்ட் ஒரு சொட்டு, பிறகு செல் ஒரு சொட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிறத்தைப் பார்த்தே எந்தக் குப்பியை விட்டோம், எதை விடவில்லை என்று தெரிந்துவிடும். நிறமில்லாத ஆன்டி-டியில்தான் கவனம் தேவை. கலக்கி, 1000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் சுற்றுங்கள்.

எடுத்ததும் ஆட்டாதீர்கள். முதலில் மேலே நிற்கும் திரவத்தைப் பாருங்கள். அது சிவந்திருந்தால் செல் உடைந்திருக்கிறது, அதுவும் பாசிட்டிவ்தான். பிறகு டியூபை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, மெல்லத் தட்டி, அடியில் உள்ள செல் பொட்டு எப்படி எழும்புகிறது என்று பாருங்கள். ஒரே கட்டியாகப் புரண்டு, சுற்றிலும் திரவம் தெளிவாக இருந்தால் 4+. சில பெரிய துண்டுகளாக உடைந்தால் 3+. நடுத்தரத் துகள்கள், பின்னணி தெளிவு என்றால் 2+. சிறு துகள்கள், பின்னணி கலங்கல் என்றால் 1+. புகை எழும்புவது போல வழவழவென்று கலைந்தால் நெகட்டிவ். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. முதல் ஒரு மாதம் சீனியர் பக்கத்தில் நின்று, அவர் மதிப்பெண் சொல்வதற்கு முன் உங்கள் மதிப்பெண்ணை மனதில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேகமாக ஆட்டி 2+ திரளை நெகட்டிவ் ஆக்கிய கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏ, பி, டி மூன்றும் திரண்டு ஏபி பாசிட்டிவ் என்று வந்தால் உடனே எழுதாதீர்கள். அந்த நோயாளியின் செல் எதைப் போட்டாலும் திரளும் செல்லாக இருக்கலாம். 6 முதல் 8 சதவீத ஆல்புமினோடு ஒரு கன்ட்ரோல் டியூப் போடுங்கள். அது திரளாமல் இருந்தால்தான் உங்கள் ஏபி பாசிட்டிவ் உண்மை.

தலைகீழ்ச் சோதனை

ஏ வகைக்காரரின் பிளாஸ்மாவில் ஆன்டி-பி இயல்பாகவே இருக்கும், பி வகைக்கு ஆன்டி-ஏ, ஓ வகைக்கு இரண்டும், ஏபிக்கு எதுவுமில்லை. அதனால் இப்போது நோயாளியின் பிளாஸ்மாவையே ரீயேஜன்ட்டாக வைத்து, தெரிந்த ஏ, பி, ஓ செல்களோடு பார்க்கிறோம். பிளாஸ்மா இரண்டு சொட்டு, செல் ஒரு சொட்டு. அதே சுற்று, அதே பார்வை. முன்சோதனையும் (நோயாளியின் செல்லை வைத்து முதலில் பார்த்தது) இதுவும் ஒரே வகையைச் சொன்னால்தான் ரிப்போர்ட். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது வேண்டாம்; அதன் ரத்தத்தில் இருப்பது தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி.

ஓ செல் எதற்கு, அது எதோடும் திரளாதே என்று கேட்பார்கள். திரளக்கூடாது என்பதற்காகத்தான் போடுகிறோம். 1952-இல் ஒய்.எம். பெண்டேவும் சக மருத்துவர்களும் அப்போதைய பம்பாயில் கண்டறிந்த வகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நபர்களின் செல்லில் ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் ஆன்டிஜெனே இருக்காது. முன்சோதனையில் அச்சு அசலாக ஓ போலத் தெரிவார்கள். ஆனால் அவர்கள் பிளாஸ்மாவில் பலமான ஆன்டி-எச் இருக்கும். ஓ செல்லில்தான் எச் மிக அதிகம். ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த வகையைத் தினசரி வேலையில் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு ஓ செல் டியூப்தான். செல் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிற இடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இரண்டு சோதனைகளும் பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நம்மைத்தான்: சாம்பிள் மாறியதா, சொட்டு விடுபட்டதா. புது சாம்பிளில் மறுபடி போட்ட பிறகும் அப்படியே இருந்தால் நோயாளியிடம் காரணம் தேடலாம். குளிரில் திரட்டும் ஆன்டிபாடி இருந்தால், வெதுவெதுப்பான சலைனில் செல்லைக் கழுவியதும் செல் பக்கத் தொல்லை தீரும். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களில் பிளாஸ்மாப் புரதம் மிகுந்து செல்கள் நாணய அடுக்கு போல ஒட்டும். பிளாஸ்மாவை எடுத்துவிட்டு சலைன் விட்டால் கலைந்துவிடும். உண்மைத் திரள் கலையாது.

கொள்ளும் ஊட்டி முள்புதரும்

ஏ வகைக்காரரின் பிளாஸ்மா ஏ1 செல்லைத் திரட்டினால்? அவர் ஏ2 என்ற உள்வகையாக இருந்து, ஆன்டி-ஏ1 வைத்திருக்கலாம். இதைப் பிரித்துக் காட்டும் ரீயேஜன்ட் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொள்ளு! அதன் விதையில் உள்ள லெக்டின் என்ற புரதம் ஏ1 செல்லைப் பலமாகத் திரட்டும். சரியான அளவுக்கு நீர்க்கச் செய்தால் ஏ2 செல்லை விட்டுவிடும். 1951-இல் ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் இதை வெளியிட்டார். குப்பியில் டோலிக்கோஸ் பைஃப்ளோரஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள், நம் கொள்ளுதான் அது. ரசம் வைக்கும்போது கொதியில் இந்தப் புரதம் செயலிழந்துவிடும், பயம் வேண்டாம்.

ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். பயிற்சிக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. பச்சைக் கொள்ளை வறுக்காமல் கரகரப்பாகப் பொடித்து, அதைப்போல மூன்று நான்கு மடங்கு சலைன் ஊற்றி, அவ்வப்போது கலக்கி, 4 முதல் 12 மணி நேரம் வைத்திருங்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை வடிகட்டுங்கள். இப்போது அது ஏ2 செல்லையும் திரட்டக்கூடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சலைனில் நீர்க்கச் செய்து, ஏ1 செல்லோடு 3+ குறையாமலும் ஏ2 செல்லோடு நெகட்டிவாகவும் வரும் அளவைக் கண்டுபிடியுங்கள். ஒரே சாற்றில் உண்மையும் பொய்யும் வருவதை நேரில் பார்த்தவர்களுக்கு அப்புறம் ரீயேஜன்ட் கன்ட்ரோலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயாளி ரிப்போர்ட்டுக்கு உரிமம் பெற்ற குப்பியையே பயன்படுத்துங்கள்.

பம்பாய் வகையை உறுதி செய்யும் ஆன்டி-எச் லெக்டினும் விதையிலிருந்துதான். யூலெக்ஸ் யூரோப்பியஸ் என்ற செடி. நீலகிரியில் மஞ்சள் பூவோடு முள்புதராக மண்டிக் கிடப்பது இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்து நம் புல்வெளியை விழுங்கும் செடி என்று அதை வெட்டி அழிக்கிறார்கள். அதே செடியின் விதைச் சாறு ஓ செல்லைத் திரட்டி, பம்பாய் செல்லைச் சும்மா விடும்.

டி நெகட்டிவ் என்று எழுதுமுன்

நம் நாட்டில் டி ஆன்டிஜென் இல்லாதவர்கள், அதாவது ஆர்எச் நெகட்டிவ், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். சிலரின் செல்லில் டி மிகக் குறைவாக இருக்கும்; சாதாரணச் சுற்றில் தெரியாது. ரத்தம் கொடுப்பவர் என்றால், ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை ஆன்டிபாடியும் கலந்த ஆன்டி-டியோடு 37 டிகிரியில் இன்குபேட் செய்து, கழுவி, அடுத்த பகுதியில் வரும் கூம்ப்ஸ் ரீயேஜன்ட் வரை கொண்டுபோய்ப் பார்த்தே தீர வேண்டும். அதில் திரண்டால் அந்தப் பையில் பாசிட்டிவ் என்றே ஒட்ட வேண்டும். ரத்தம் பெறுபவருக்கு நேர் எதிர்: முதல் சுற்றில் நெகட்டிவ் என்றால் நெகட்டிவ் ரத்தமே கொடுப்பது பாதுகாப்பு. ஒரே நபர் கொடுக்கும்போது பாசிட்டிவ், வாங்கும்போது நெகட்டிவ் ஆவது அவர்களைக் குழப்பும். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கூம்ப்ஸ் ரீயேஜன்ட்

ஐஜிஎம் பெரியது, எட்டிப் பிடித்து இரண்டு செல்லைக் கோர்க்கும். ஐஜிஜி சிறியது, செல்லின்மேல் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் பக்கத்துச் செல்லை எட்டாது. 1945-இல் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் இதற்கு வழி சொன்னார்கள்: மனிதக் குளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடியைச் சேர்த்தால் அது பாலம் போட்டுத் திரளை உண்டாக்கும். பாலிஸ்பெசிஃபிக் என்று எழுதியுள்ள குப்பியில் ஆன்டி-ஐஜிஜியோடு, சி3டி என்ற காம்ப்ளிமென்ட் புரதத் துண்டுக்கு எதிரான ஆன்டி-சி3டியும் இருக்கும். பெரும்பாலும் பச்சை நிறம்.

நோயாளிக்கும் ரத்தப் பைக்கும் பொருத்தம் பார்க்கும் கிராஸ்மேட்ச்சில் இதுதான் கடைசிக் காவல். நோயாளியின் சீரம் இரண்டு சொட்டு, பையின் செல் ஒரு சொட்டு, 37 டிகிரியில் வையுங்கள்: சலைனில் 30 முதல் 60 நிமிடம், லிஸ் என்ற உப்பு குறைந்த கரைசலில் 10 முதல் 15 நிமிடம். பிறகு மூன்று முறை கழுவி, கடைசியில் சலைனைச் சொட்டு விடாமல் வடித்து, தாமதிக்காமல் கூம்ப்ஸ் ரீயேஜன்ட் சேர்த்துச் சுற்றிப் பாருங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் கழுவும் இடத்தில். மிச்சமிருக்கும் துளிச் சீரத்தில் உள்ள குளோபுலினே ரீயேஜன்ட்டைத் தின்றுவிடும். செல்லின்மேல் ஆன்டிபாடி உட்கார்ந்திருந்தும் டியூப் நெகட்டிவ் காட்டும். அந்த நெகட்டிவை நம்பித்தான் பையை வார்டுக்கு அனுப்புகிறோம்.

அதனால் ஒவ்வொரு நெகட்டிவ் டியூபிலும், ஐஜிஜி பூசிய கன்ட்ரோல் செல்லை ஒரு சொட்டு விடுங்கள். ஓ பாசிட்டிவ் செல்லை நீர்த்த ஐஜிஜி ஆன்டி-டியோடு 37 டிகிரியில் அரை மணி வைத்துக் கழுவினால் இந்தச் செல் தயார். பூச்சு 2+ அளவுக்கு இருந்தால் போதும்; ரொம்பப் பலமாக இருந்தால் பாதி செத்த ரீயேஜன்ட்டும் தேறிவிடும். மறுபடி சுற்றுங்கள். திரண்டால், ரீயேஜன்ட் டியூபுக்குள் உயிரோடு இருந்தது, உங்கள் நெகட்டிவ் உண்மையான நெகட்டிவ். திரளாவிட்டால் அந்த டியூபின் முடிவை எழுத வேண்டாம். வார்டிலிருந்து போன் எத்தனை முறை அடித்தாலும் சரி, சீரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.